தெரிந்த வசனத்தையே கேட்க வந்தவர்களிடம் பேசுவது எப்படி

ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருக்கும் ஐயர் (சபையின் குருவானவரை நாங்கள் இப்படித்தான் கூப்பிடுவோம்), உங்கள் கையைப் பிடித்ததும் விடாமல், “தம்பி, அடுத்த மாசம் வாலிபர் ஞாயிறு வருது, செய்தி நீங்களே கொடுத்திருங்க” என்று சொல்லிவிட்டு, நீங்கள் வாயைத் திறப்பதற்குள் அடுத்தவர் பக்கம் திரும்பிவிடுவார். அவ்வளவுதான், முடிந்தது. அன்று மத்தியானம் கறிக்குழம்பு தொண்டையில் இறங்காது.

நானும் இப்படி மாட்டிக்கொண்டுதான் பேச ஆரம்பித்தேன். குருவானவர் இல்லை, இறையியல் கல்லூரிப் பக்கம் போனதும் இல்லை. திருநெல்வேலிப் பக்கம், சேகரத்தில் (ஒரே ஐயரின் பொறுப்பில் இருக்கும் பல சபைகள்) ஆள் பற்றாத ஞாயிறுகளில் கிளைச் சபைக்கு பைக்கில் அனுப்பி வைக்கப்படும் சாதாரண ஆள். இருபது வருஷத்தில் நன்றாகப் பேசியது கொஞ்சம், சொதப்பியது நிறைய. அந்தச் சொதப்பலில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். பேச்சுக்கலை என்று தேடினால் குரலை ஏற்று, இறக்கு, கண்ணைப் பார், கையை ஆட்டு என்று நிறைய வரும். தப்பில்லை, ஆனால் கோயில் வேறு மாதிரி இடம். அரசியல் கூட்டத்துக்கு வருகிறவன் இன்றைக்கு என்ன புதுசாகச் சொல்லப்போகிறார் என்று வருகிறான். வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குப் பாடம் தெரியாது. கோயிலில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பாட்டிக்கோ நீங்கள் எடுக்கப்போகிற வசனம் மனப்பாடம், நீங்கள் ஓர் எழுத்தை விட்டு வாசித்தால் அவர் உதடு அதைச் சேர்த்துச் சொல்லும். அப்பாவின் சொத்தை வாங்கிக்கொண்டு வீட்டை விட்டுப் போன கெட்ட குமாரன் திரும்பி வருவானா மாட்டானா என்று பதைபதைத்துக் கேட்கிற ஆள் அங்கே ஒருவர்கூடக் கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அப்படித் தெரிந்த ஒன்றை, அட, இதை நான் இப்படிப் பார்த்ததே இல்லையே என்று அவர்களைப் பார்க்க வைக்க முடிந்தால் அதுதான் பிரசங்கம். சத்தம், கண்ணீர், கைதட்டல் எல்லாம் அதற்கு அப்புறம்.

வேதத்திலேயே இதற்கு நல்ல பாடம், அடுத்தவன் மனைவியை எடுத்துக்கொண்ட ராஜா தாவீதிடம் தீர்க்கதரிசி நாத்தான் போன கதை. விபசாரம் செய்யாதிருப்பாயாக என்பது தாவீதுக்குத் தெரியாதா? நாத்தான் கட்டளையைச் சொல்லவில்லை, ஒரு ஆட்டுக்குட்டியைச் சொன்னார். ஏழை வளர்த்த ஒரே குட்டி, அவன் வாயின் அப்பத்தைத் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்தது. அதை ஐசுவரியவான் பிடித்துச் சமைத்துவிட்டான் என்றதும் ராஜாவுக்கே கோபம் பொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து “நீயே அந்த மனுஷன்.” மூன்று சொல். கவனியுங்கள், நாத்தானின் திறமை அந்த மூன்று சொல்லில் இல்லை, மடியில் படுத்த ஆட்டுக்குட்டியில் இருக்கிறது.

நம்ம ஊர் ஆள் ஒருவரும் இதைச் செய்து காட்டியிருக்கிறார். வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வே. ச. அசரியா, பிற்பாடு 1912-இல், இன்றைய தெலங்கானாவில் இருக்கும் தோர்ணக்கல்லின் பேராயராக அபிஷேகம் பெற்றவர், ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1910 ஜூனில், எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் பேசினார். வயது 35. எதிரே ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள், பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். வெள்ளைக்கார மிஷனரிகள் இந்திய ஊழியர்களோடு சமமாகப் பழகுவதில்லை என்பதை அவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். என்ன செய்தார்? அந்த மண்டபத்தில் இருந்த எல்லோருக்கும் தலைகீழாகத் தெரிந்த 1 கொரிந்தியர் 13-ஐ எடுத்தார். ஏழைகளுக்கு உங்கள் ஆஸ்தியைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அந்த வசனம் எப்படி முடியும் என்று அவர்களுக்கே தெரியும்: அன்பு எனக்கிராவிட்டால் எனக்குப் பிரயோஜனம் ஒன்றுமில்லை. அதை அவர் வாயால் சொல்லவே இல்லை, கேட்டவர்கள் மனசு சொல்லிக்கொண்டது. நூறு வருஷம் தாண்டியும் அந்த மாநாட்டைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த வரிகளை விடாமல் எழுதுகிறார்கள்.

சரி, நம்ம சபைக்கு வருவோம்.

வேதபகுதி கையில் வந்ததும் நாம் செய்கிற முதல் தப்பு, உடனே போனை எடுத்து அந்த அதிகாரத்துக்கு யாராவது பிரசங்கம் வைத்திருக்கிறார்களா என்று யூடியூபில் தேடுவது. தேடாதீர்கள். குறைந்தது மூன்று நாளாவது அந்தப் பகுதியோடு தனியாக இருங்கள். திங்கள் வாசியுங்கள், செவ்வாய் வாசியுங்கள், அதே பகுதியை வாய்விட்டு. வாசிக்கும்போது இதன் பொருள் என்ன, நமக்கு என்ன பாடம் என்று கேட்காதீர்கள், அதற்கு நேரம் இருக்கிறது. கையில் என்ன இருந்தது, வெயிலா இருட்டா, பக்கத்தில் யார் நின்றார்கள், முதலில் எதைச் செய்தார்கள் என்று கேளுங்கள். வியாழக்கிழமை வாக்கில் விளக்கவுரையைத் திறக்கலாம், கட்டாயம் திறக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் கற்பனையில் எங்கேயாவது போய் நின்றுவிடுவோம்.

எங்கள் சபையில் ஒரு பெண்கள் ஞாயிறு. செய்தி கொடுக்க வேண்டியவர் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அத்தை. எனக்கு உறவில்லை, ஊருக்கே அத்தை. பகுதி லூக்கா 15, காணாமற்போன வெள்ளிக்காசை ஒரு பெண் விளக்கைக் கொளுத்தித் தேடும் உவமை. சனிக்கிழமைக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு நோட்டோடு வீட்டுக்கு வந்தார், யாரோ எழுதிக் கொடுத்த நான்கு பக்கம். வெள்ளிக்காசு என்பது கிரேக்க நாணயமான திராக்மா, அது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி, அந்தக் காலத்து வீடுகளில் வெளிச்சம் குறைவு என்பதால்தான் விளக்கு என்று எல்லாமே சரியான தகவல்கள். அத்தை அதை வாசித்தபோது அவருக்கே கொட்டாவி வந்தது.

“அத்தை, நீங்க எதையாச்சும் தொலைச்சுட்டுத் தேடியிருக்கீங்களா?” என்று கேட்டேன்.

“ஏன் இல்லாம? கம்மல் திருகாணி.”

அப்புறம் நோட்டை மூடிவிட்டுச் சொன்னார். குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது துண்டில் மாட்டி டிங் என்று ஒரு சத்தம். அரை கிராம்கூட இருக்காது. மொதல்ல என்ன செஞ்சீங்க என்று கேட்டதற்கு, “மொதல்ல, கட்டியிருந்த ஈரத் துணியவே சுருட்டி ஜலதாரை ஓட்டையில அடைச்சேன். அப்புறம், யாரும் உள்ள வராதீங்கன்னு சத்தம் போட்டேன். அப்புறந்தான் தேடவே ஆரம்பிச்சேன்” என்றார். பல்பு வெளிச்சம் போதாமல் பேரனின் செல்போன் டார்ச்சை வாங்கித் தரையோடு தரையாகப் படுக்க வைத்து, கன்னம் தரையில் படும் அளவுக்குக் குனிந்து பார்த்தாராம், அப்படிப் பார்த்தால்தான் சின்னப் பொருளுக்கும் நிழல் விழும். கால் மணி நேரம் கழித்து வாளிக்கு அடியில் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அத்தை இதைத்தான் சொன்னார், நோட்டு இல்லாமல், வீட்டில் பேசுகிற மாதிரியே. சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். “ஆண்டவர் நம்மளத் தேட ஆரம்பிக்குறதுக்கு முன்னாடி ஓட்டைய அடைக்காரு. நாம இதுக்கும் கீழ போயிரக் கூடாதுன்னு.” அவ்வளவுதான். ஒன்பது நிமிஷத்தில் இறங்கிவிட்டார். செய்தி நேரத்தில் வெளியே போய் வேப்ப மரத்தடியில் நிற்கும் ஒரு கூட்டம் எங்கள் சபையில் உண்டு, அன்று அவர்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. நான் வெள்ளிக்காசு உவமையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். இப்போது அதை வாசித்தால் எனக்கு முதலில் ஈரத் துணிதான் தெரிகிறது.

இதில் ஒரு எச்சரிக்கையும் இருக்கிறது. அத்தை சொன்னது அவர் வீட்டில் நடந்தது, வசனத்தோடு ஒட்டிக்கொண்டது. நாம் பெரும்பாலும் செய்வது வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்து ஒட்டுவது. கழுகுக்கு நாற்பது வயதானதும் மலை உச்சிக்குப் போய் அலகைப் பாறையில் அடித்து உடைத்துக்கொள்ளும், புது அலகு முளைத்ததும் இன்னும் முப்பது வருஷம் வாழும் என்று ஒரு கதை, கழுகைப் போல இளமை திரும்பும் என்று சொல்கிற சங்கீதம் 103-ஐ எடுத்தாலே கூடவே வந்துவிடும். முழுப் பொய். அலகை உடைத்துக்கொண்ட கழுகு பட்டினியில் செத்துப்போகும். அந்தக் காலத்தில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், இப்போது பெஞ்சில் இருக்கிற பத்தாம் வகுப்புப் பையன் நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் போனில் பார்த்துவிடுகிறான். கழுகு பொய் என்று தெரிந்தவன் அடுத்து நீங்கள் வாசிக்கிற வசனத்தையும் அதே கண்ணோடுதான் பார்ப்பான். ஊர் பேர் தெரியாத அமெரிக்க டாக்டர், கப்பல் கேப்டன், நாத்திகப் பேராசிரியர் கதைகளுக்கும் இதே கதிதான்.

எதுகை மோனையில் மூன்று பாயிண்ட் வைக்கும் பழக்கத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. காண்கிறார், காக்கிறார், காத்திருக்கிறார். கேட்க நன்றாக இருக்கும், நோட்டில் எழுதிக்கொள்ளவும் வசதி. ஆனால் மூன்றாவது சொல்லைப் பிடிக்க வேண்டுமே என்பதற்காக வசனத்தில் இல்லாததை உள்ளே திணித்தவர்களில் நானும் ஒருவன். பழகியவர்கள் வைத்துக்கொள்ளட்டும். முதல் தடவை பேசுகிறவர் ஒரே ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டால் போதும், அதை ஒரு வாக்கியத்தில் எழுத முடியவில்லை என்றால் செய்தி இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம். அத்தையின் வாக்கியம் என்ன என்று மேலே பார்த்தீர்கள்.

மொழி

வீட்டில் அவ்வளவு கலகலப்பாகப் பேசுகிறவர்கூட மைக்கைப் பிடித்ததும் “இந்தக் காலை வேளையிலே தேவரீருடைய சமூகத்தில் நாம் கூடிவந்திருக்கிறதான இந்த நேரத்திலே” என்று ஆரம்பித்துவிடுகிறார். வேதாகமத் தமிழ் வாசிக்க அழகானது, அதை வசனத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசும்போது உங்கள் தமிழில் பேசுங்கள். கிருபாசனம், ஆக்கினை, வியாகுலம், மீறுதல் என்ற சொற்கள் வரும் இடத்தில் ஒரு நொடி நின்று, வீட்டுச் சொல்லால் சொல்லிவிட்டு நகருங்கள். பிள்ளைகள் மட்டும் இல்லை, பெரியவர்கள் பலருக்கும் ‘கிருபாசனம்’ ஒரு சத்தம்தான். நெகேமியா 8-இல் எஸ்றாவோடு நின்ற லேவியர் புஸ்தகத்தைத் தீர்க்கமாக வாசித்து, அர்த்தஞ்சொல்லி, விளங்கப்பண்ணினார்கள் என்று இருக்கிறது, ஜனங்கள் அழுததும் அதற்கு அப்புறம்தான்.

நம்ம சபைகளில் இதற்கு முன்னோடிகளும் உண்டு. 1706-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு, சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் படித்தவர். தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) கிறிஸ்துவைச் சொல்ல எடுத்த வடிவங்களில் ஒன்று குறவஞ்சி. அன்றைக்கு ஜனங்கள் ரசித்துக் கேட்டுக்கொண்டிருந்தது அது, அதனால் அதை எடுத்தார்.

தமிழில் பேசுகிறவருக்கு மட்டும் வரும் ஒரு சிக்கலை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. இல்லை, மாட்டார், கூடாது எல்லாமே கடைசியில்தான். நமக்கோ வாக்கியம் முடியும்போது மூச்சும் முடிகிறது, குரல் இறங்கிவிடுகிறது. ஓடு வேய்ந்த உயரமான கூரை, பக்கத்துக்கு எட்டு மின்விசிறி, கொஞ்சம் எதிரொலிக்கும் சுவர் உள்ள பழைய கோயிலில் “கர்த்தர் உங்களை ஒருநாளும் கைவிட” என்பது வரைக்கும்தான் பின்வரிசைக்குக் கேட்கும். “மாட்டார்” உங்கள் சட்டைக் காலரோடு நின்றுவிடும். சிரிப்பாக இருக்கலாம், ஒரு தடவை போனில் உங்கள் பேச்சைப் பதிவு செய்து கடைசி பெஞ்சில் வைத்துக் கேட்டுப் பாருங்கள். தீர்வு இரண்டு. வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், மூச்சு மிச்சம் இருக்கும்போதே வினை வந்துவிடும். கடைசிச் சொல்லை, கத்தாமல், ஆனால் முதல் சொல்லுக்குக் கொடுத்த அதே பலத்தோடு வையுங்கள்.

வசனம் வாசிப்பதற்கும் இதே கதைதான். லூக்கா 15:8 முழுக்க ஒரே வாக்கியம், ஸ்திரீயில் தொடங்கி “ஜாக்கிரதையாய்த் தேடாமலிருப்பாளோ?” என்று ஒரு கேள்வியில் போய் முடியும். அந்த ஓகாரத்தில்தான் உயிரே இருக்கிறது. பென்சிலால் மூச்சு விடும் இடங்களில் சின்னக் கோடு போட்டு, வெள்ளி இரவுக்குள் பத்துத் தடவையாவது வாய்விட்டு வாசித்துவிடுங்கள். வாசிப்பு சரியாக விழுந்தால் பாதிச் செய்தி அங்கேயே முடிந்துவிடும்.

ஆவியானவர் பேசுவார் என்றால் தயாரிப்பு எதற்கு

இது கேட்கப்படும். கூடவே “என்னத்தைப் பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள்” என்ற மத்தேயு 10-ஐயும் எடுத்துக் காட்டுவார்கள். அந்த வசனம், பிடித்துக்கொண்டு போய் அதிபதிகள் முன்னால் நிறுத்தப்படுகிற சீஷர்களுக்குச் சொன்னது. ஒரு மாசம் முன்னாலேயே தேதி சொல்லப்பட்ட வாலிபர் ஞாயிற்றுக்கு அதைச் சாக்காக வைப்பது ரொம்ப அதிகம்.

திடீரென்று வந்ததாக நாம் நினைக்கிற பேச்சுகளின் பின்னாலும் தயாரிப்பு இருக்கும். 1963 ஆகஸ்ட் 28, வாஷிங்டன், மார்ட்டின் லூதர் கிங். அவர் பாஸ்டர், பாஸ்டரின் மகன், அவர் பேச்சு முழுக்க கறுப்பர் சபைகளின் பிரசங்க மரபிலிருந்து வந்தது. எழுதி வைத்திருந்ததை வாசித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, பக்கத்தில் இருந்த நற்செய்திப் பாடகி மஹாலியா ஜாக்சன், கனவைப் பற்றிச் சொல்லுங்கள் மார்ட்டின் என்று குரல் கொடுத்ததாகவும், அவர் தாளை விட்டுவிட்டுப் பேசியதாகவும் அங்கே இருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கனவுப் பகுதி அன்று புதிதாக முளைத்தது இல்லை. இரண்டு மாசம் முன்னால் டெட்ராய்ட்டில் அதைப் பேசியிருந்தார், முந்தின வருஷமும் பேசியிருந்தார். பலமுறை வாயில் புழங்கி உள்ளே ஊறிக் கிடந்ததால்தான் கூப்பிட்டதும் வந்தது.

அதனால் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது கணக்கில் வராது. மொட்டை மாடி, தோட்டம், பம்ப்செட் பக்கம், எங்கேயாவது. முழுசாக எழுதி மனப்பாடம் செய்தால் ஒரு வரி மறந்ததும் மொத்தமும் சரிந்துவிடும் (எனக்குச் சரிந்திருக்கிறது, கிறிஸ்துமஸ் ஆராதனையில், பாடகர் குழு முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருக்க). முழுசாக எழுதிப் பாருங்கள், அப்புறம் அதை மூடி வைத்துவிட்டு, முதல் வாக்கியம், கடைசி வாக்கியம், நடுவில் ஐந்தாறு சொற்கள் மட்டும் ஒரு கெட்டியான அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கெட்டி அட்டை ஏன் என்றால் மின்விசிறிதான் காரணம். தாள் பறந்து பாவ அறிக்கை வாசித்தவர் மடியில் விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

நேரம் பன்னிரண்டு நிமிஷம். பெரிய கன்வென்ஷன் பிரசங்கியார்கள் ஒரு மணி நேரம் பேசுகிறார்களே என்றால், அவர்கள் பேசட்டும். பவுல் நடுராத்திரி வரைக்கும் பேசியதில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். பவுல் இறங்கிப் போய் அவனை உயிரோடு மீட்டார், நமக்கு அது முடியாது.

மைக்கைப் பற்றி இரண்டே வார்த்தை. ஆராதனைக்கு அரை மணி நேரம் முன்னால் போய் நின்று பார்த்துவிடுங்கள், உயரம், வாய்க்கும் மைக்குக்கும் நான்கு விரல் இடைவெளி. சவுண்ட் பார்க்கும் தம்பியிடம் எக்கோவைக் குறைக்கச் சொல்லுங்கள். அவர் குறைக்க மாட்டார். மறுபடியும் சொல்லுங்கள்.

பீடத்தில் ஏறியதும்

வாய்ப்புக் கொடுத்த ஐயரவர்களுக்கும், சேகரக் கமிட்டி அங்கத்தினர்களுக்கும், வாலிபர் சங்கச் செயலருக்கும், பாடகர் குழுவினருக்கும் என்று நன்றி சொல்லி முடிக்கும்போது மூன்று நிமிஷம் ஓடியிருக்கும். ஜனங்கள் உங்களைக் கூர்ந்து கவனிப்பது முதல் அரை நிமிஷம்தான், அதைக் கமிட்டிக்குக் கொடுத்துவிடாதீர்கள். எனக்குப் பேச வராது, தகுதி இல்லை, தயாரிக்க நேரமே கிடைக்கவில்லை என்றும் ஆரம்பிக்காதீர்கள். பேச வராது என்று கர்த்தரிடமே சொன்ன மோசே அப்புறம் உபாகமம் முழுக்கப் பேசினார். ஒரு ஸ்தோத்திரம், ஒரு சின்ன ஜெபம், நேரே உள்ளே போங்கள். அத்தையின் முதல் வாக்கியம் “போன வருசம் என் கம்மல் திருகாணி கீழ விழுந்துட்டு” என்பதுதான்.

பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து இப்படிச் சொல்லுங்கள், இன்னும் சத்தமாக, ஆமென் கேட்கவில்லையே என்று ஜனங்களை வேலை வாங்குவது சில சபைகளில் இயல்பாக நடக்கும், அங்கே பேசினால் நீங்களும் செய்யலாம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் சபைகளில் ஜனங்கள் அமைதியாக இருந்துதான் கேட்பார்கள். அமைதியைப் பார்த்துப் பயந்து குரலை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். கேட்கிறார்களா என்று தெரிய வேண்டுமானால் கைவிசிறியைப் பாருங்கள். நிஜமாகவே உள்ளே போய்விட்டவர்கள் கையில் விசிறி நின்றுவிடும்.

இனி கொஞ்சம் கடுமையான விஷயம். சாட்சி. நம்ம சபைகளில் ஜனங்களை அதிகம் அசைப்பதும் அதிகம் காயப்படுத்துவதும் இதுதான். ஜெபித்தேன், ஆபரேஷன் இல்லாமலேயே கட்டி கரைந்தது என்று ஒருவர் சொல்கிறார், மனசாரச் சொல்கிறார், நன்றியோடு சொல்கிறார். நான்காவது பெஞ்சில், அதே வியாதிக்கு அதே ஜெபத்தைச் செய்து, போன மாசம் மனைவியைக் கல்லறைத் தோட்டத்தில் வைத்துவிட்டு வந்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் காதில் அது எப்படி விழும்? சாட்சியே சொல்லாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. எழுதும்போது அந்த நான்காவது பெஞ்சுக்காரரை மனசில் வைத்து ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். நான் விசுவாசித்ததால் கிடைத்தது என்பதை நான் கேட்டேன், எனக்குக் கொடுத்தார், ஏன் எனக்கு என்று தெரியவில்லை என்று மாற்றினால் அவரும் உங்களோடு உட்கார்ந்து கேட்கலாம். கிடைக்காமல் போனதையும், கிடைக்காமலேயே ஆராதனைக்கு வந்துகொண்டிருந்ததையும் சொன்னால் இன்னும் நல்லது, அந்தச் சாட்சி நம் பீடங்களில் ரொம்ப அரிது.

அடுத்தவர் கதையைச் சொல்வதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லவில்லையே என்பது கிராமத்தில் செல்லாது. “நம்ம சபையில ஒரு குடும்பம், பேர் வேண்டாம்” என்று ஒருவர் ஆரம்பித்த உடனே நூற்றைம்பது தலை ஒரே பக்கம் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். ஜெபக் குறிப்பாக வந்தது செய்திக்கு உதாரணமாகப் போகவே கூடாது. டயோசீசன் எலெக்ஷன் (திருமண்டலத் தேர்தல்) நேரத்தில் கெட்ட ராஜா ஆகாப், அவன் மனைவி யேசபேல் பற்றிப் பேச ஆசை வரும், அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வையுங்கள்.

முடிப்பது. “கடைசியாக” என்று ஒரு தடவைதான் சொல்லலாம். அத்தை மாதிரி, சொல்ல வேண்டிய அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னதும் நிறுத்துங்கள், ஐந்து எண்ணும் நேரம் சும்மா நில்லுங்கள், அப்புறம் ஜெபம். அந்த ஐந்து நொடி உங்களுக்கு ஐந்து நிமிஷம் மாதிரி இருக்கும், கேட்கிறவர்களுக்கு அப்போதுதான் விஷயம் உள்ளே இறங்கும். முடிவு ஜெபம் ஆண்டவரிடம் செய்வது. கண்ணை மூடிக்கொண்டு, ஆண்டவரே நாங்கள் முதலாவதாகப் பார்த்தோம், இரண்டாவதாகப் பார்த்தோம் என்று ஜனங்களுக்கு இரண்டாவது பிரசங்கம் செய்யாதீர்கள்.

வீட்டு ஜெபக்கூட்டம் என்றால் ஏழு நிமிஷம், உட்கார்ந்துகொண்டே பேசலாம், டீ ஆறிப்போகக் கூடாது. அடக்க ஆராதனையில் நான்கு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம், இறந்தவரைப் பற்றி நீங்கள் கண்ணால் பார்த்த ஒன்று, ஒரு வசனம், போதும். அங்கே மனந்திரும்புதலுக்கு அழைப்புக் கொடுக்கிறவர்களை என்னால் இன்றுவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

வாசலில் எல்லோரும் “நல்லா இருந்துச்சு தம்பி” என்பார்கள். அது கை கொடுக்கும்போது வரும் மரியாதை, அதை வைத்து எடை போடாதீர்கள். புதன்கிழமை வாக்கில், வீட்டில் மிகச் சின்ன ஆளைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை நான் என்ன சொன்னேன் என்று கேளுங்கள். அத்தை பேசிய வாரத்தில் நான் என் மகளிடம் கேட்டேன். “ஓட்டைல துணி” என்றாள், ஆறு வயது அப்போது. என் செய்திகளைப் பற்றி அவள் இதுவரை சொன்னதில் சிறந்தது, “அப்பா, நீங்க தண்ணி குடிச்சீங்க.”

ஒன்று விட்டுப்போய்விட்டது. அட்டையின் பின்பக்கம் தேதியையும் சபையையும் எழுதி வைத்துவிடுங்கள். நான் எழுதாமல் விட்டு, இரண்டு வருஷ இடைவெளியில் ஒரே கிளைச் சபையில் ஒரே செய்தியை, பஸ்ஸைத் தவறவிட்ட என் சொந்தக் கதை உட்பட, அப்படியே கொடுத்துவிட்டேன். வாசலில் ஒரு தாத்தா என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, “போன தடவை பஸ்ஸுக்கு அரை மணி நேரந்தான் நின்னீங்க தம்பி, இந்தத் தடவை ரெண்டு மணி நேரமாக்கிட்டீங்களே” என்றார்.